இளம் டின்னர்

“சாயந்திரம் சைவமா, அசைவமா?” என்று தையல்காரர் கேட்டபோது அவருடைய முகவாய் கண் சோதிக்கும் கருவியின் மேல் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எதிர்ப்பக்கமிருந்து அவருடைய இடது கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. கேள்வியில்தான் ஏதோ கோளாறு.

“எது சைவமா?”

“அதான் சார், உங்க மச்சினன் டின்னர். வீட்டுல இன்னைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்து நீட்டினார். அன்று காலைதான் செய்தித்தாளோடு சேர்ந்து வீடு வீடாக விழுந்திருந்தது. ‘இத்தாலிய இசை மாலை. இளம் டின்னர். முதல் ஒலிப்பதிவு. நூலக மாடிக் கூடம். குடும்பத்துடன் வருக.’

கண்ணாடிக்காரர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார், கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார். இரண்டு விதத்திலும் டின்னராகத்தான் இருந்தது. இருந்திருக்க வேண்டியது டெனர்.

“இளம் டின்னர்னா லைட்டா இருக்கும்னு என் சம்சாரம் சொல்றா,” என்றார் தையல்காரர். “ராத்திரிக்கு அதுதான் நல்லது சார்.”

டெனர் என்றால் ஆண் குரலில் உச்சிக்குப் போகிற குரல். அந்தக் குரலோடு பிறந்தவன் கண்ணாடிக்காரருடைய மனைவியின் தம்பி. பிறந்த அன்றே அவன் அழுத அழுகையில் ஆலைச் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிவிட்டாராம். அதிலிருந்து அவனுக்குச் சங்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இத்தாலியப் பாட்டு நாடகங்களில் நாயகன் நடுமேடையில் தனியாக நின்று நெஞ்சைப் பிளந்து பாடுவானே, அந்தப் பாட்டுகளைத்தான் சங்கு வருஷக்கணக்கில் படித்தான். வீட்டில் மற்றவர்கள் பல் தேய்க்கிற நேரத்தில் அவன் குளியலறையில் காதலில் தோற்றுக்கொண்டிருப்பான்.

போன வருஷம் அவனுடைய முதல் கச்சேரிக்கு வந்தவர்கள் அக்கா, மாமா, காவல்காரர். காவல்காரரும் விளக்கணைக்க வந்தவர். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடிவிட்டு வந்த பையன், அதன்பிறகு பல நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. குளியலறைகூடச் சும்மா கிடந்தது. அந்த மௌனம் கண்ணாடிக்காரருக்கு அவன் பாட்டைவிடத் தாங்க முடியாததாக இருந்தது. இப்போது ஒரு சின்ன இசைக் கம்பெனி அவன் குரலைக் கேட்டுவிட்டு, முதல் இசைத்தட்டு போடுகிறோம் என்று ஒலிப்பதிவுக்கு ஆளை அனுப்புகிறது. ஒரே ஒரு மாலை. இதுவும் கெட்டால் பையன் ஒரேயடியாக வாயை மூடிவிடுவான்.

அந்த மாலைக்குத்தான் டின்னர் என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்திலிருந்து வந்த மாதிரித்தாளை எழுத்தெழுத்தாகப் படித்து ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தவர் சாட்சாத் கண்ணாடிக்காரர். பிறகு எல்லா அலைச்சலையும் பாவம், சங்குதான் பார்த்தான். மாதிரித்தாளை அச்சகத்தில் கொடுத்ததும், அழைப்பிதழ்க் கட்டை வாங்கி நேரே பேப்பர்காரரிடம் சேர்த்ததும் அவன்தான். அப்பாவிப் பையன், மாமாவை நம்பி எழுத்துக்கூட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

தையல்காரரை அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்காரர் தம்முடைய கடையிலேயே, தம்முடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படித்துப் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் இன்னும் கவலையாக இருந்தது. கண் சரியென்றால் கோளாறு மேலே எங்கேயோ இருக்கிறது.

அச்சகத்து அம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. சரி, நாமே திருத்திவிடுவோம் என்று தெருக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டார்: ‘திருத்தம். டின்னர் அல்ல, டெனர்.’

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதுவரை கவனிக்காதவர்கள்கூட அதற்கப்புறம்தான் கவனித்தார்கள். டெனர் எப்படி இருக்கும், காரமா என்று ஒரு வீட்டிலிருந்து கேட்டார்கள். குழந்தைகள் சாப்பிடலாமா என்று இன்னொரு வீடு. தான் ஒரு தடவை டெனர் சாப்பிட்டிருப்பதாகவும், சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி என்றும் வங்கி மேலாளர் ஒருவர் எழுதியிருந்தார். கண்ணாடிக்காரருக்கு வியர்த்துவிட்டது. விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று, ‘டெனர் என்பது ஓர் ஆள்’ என்று தட்டினார்.

“ஆளுக்கு ஒண்ணுதானா?” என்று உடனே பதில் வந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதைப் பார்த்தவர் அதற்குமேல் வெட்டவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். நிகழ்ச்சியே ரத்து என்று வாசலில் ஒரு பலகை வைத்துவிட்டு, தெரிந்தவர்களை மட்டும் பின்பக்கமாக அழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை.

அங்கே ஒலிப்பதிவாளர் ஏற்கெனவே வந்து கம்பிகளை விரித்திருந்தார். மெலிந்த பெண், அதிகம் பேசாதவர். கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினார். சத்தம் நாலு சுவரிலும் மோதிவிட்டுத் திரும்பி வந்தது.

“எத்தனை உடம்பு வரும்?” என்றார்.

“உடம்பா?”

“ஆளுங்க. சத்தத்தை உறிஞ்சறதுக்கு மனுஷ உடம்பு மாதிரி எதுவும் கிடையாது. நாற்காலி எல்லாம் நிறையணும். பாதிதான்னா காலிப் பானைக்குள்ள பாடின மாதிரி இருக்கும். அதைப் பதிவு பண்ணி பிரயோஜனம் இல்லை, நான் மூட்டை கட்டிடுவேன்.”

மறுபடி எப்போது வருவீர்கள் என்று கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார். கம்பெனி இன்னொரு தடவை செலவழிக்காது என்று அந்தப் பெண் ஒரு கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் உண்மை என்று தெரிந்தது.

ஆக, கூட்டம் வந்தே தீர வேண்டும். வருகிற கூட்டமோ சோற்றுக்கு வருகிறது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று கண்ணாடிக்காரர் சாப்பாட்டுக்கே ஏற்பாடு செய்யக் கிளம்பினார். மத்தியானத்துக்கு மேல் கூடம் நிறையச் சமைத்துத் தர எந்த ஓட்டலும் தயாராக இல்லை. தெருமுனை ஆஸ்பத்திரியின் கேன்டீன்காரர் மட்டும் முடியும் என்றார். ஆனால் அவரிடம் இருப்பது நோயாளிகளுக்கான சமையல். உப்பு குறைத்த காய்கறி சூப், மெத்தென்ற ரொட்டி, வேகவைத்த ஆப்பிள்.

“பல் இல்லாதவங்களும் சாப்பிடலாம் சார்,” என்று உத்தரவாதம் கொடுத்தார்.

இளம் டின்னர் என்றுதானே போட்டிருக்கிறது, இதைவிட இளசாக எதுவும் கிடைக்காது என்று கண்ணாடிக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

இனி ஒரே வேலை, சங்குவுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. தன் பாட்டுக்கு இல்லை, சூப்புக்குத்தான் கூட்டம் என்று தெரிந்தால் பையனுக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் வாசல் வழியாக விடாமல், பின்படியில் ஏற்றி, மேடைக்குப் பக்கத்து அறையில் அவனையும் அவன் அக்காவையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். குரலுக்கு ஓய்வு வேண்டும் என்று சங்கு காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, கையில் ஒரு சிலேட்டு. மாமாவைப் பார்த்ததும் எழுதிக் காட்டினான்: ‘கூட்டம் வருமா?’

“வரும் வரும். எல்லாம் பெரிய சங்கீத ரசிகர்கள்,” என்றார் கண்ணாடிக்காரர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் சோற்றையே மறைக்க வேண்டியிருந்தது.

சங்கு அழித்துவிட்டு மறுபடி எழுதினான்: ‘நீங்க சாப்பிட்டீங்களா மாமா?’

அந்தக் களேபரத்திலும் தம் வயிற்றைப் பற்றிக் கேட்கிற பிள்ளையைப் பார்த்துக் கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. இவனுக்குப் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்று வருந்தினார்.

கூட்டம் வந்தது. இத்தாலியப் பாட்டுக்கு அந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. குடும்பம் குடும்பமாக வந்தார்கள், மத்தியானம் பட்டினி போட்ட முகத்தோடு வந்தார்கள். சிலர் கையில் தூக்குப்பாத்திரம்கூட இருந்தது. முதல் வரிசையில் போன் எடுக்காத அச்சகத்து அம்மாவே வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் முறைத்தார். அந்த அம்மாள் கையசைத்தார்.

ஒலிப்பதிவாளர் மறுபடி ஒரு தடவை கைதட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். பின்பக்கக் கதவுக்கு அந்தப்புறம் கேன்டீன்காரர் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார். வாசனை உள்ளே வந்ததும் கூடத்துத் தலைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் திரும்பின.

“யாரோட வயிறோ பாடுது,” என்றார் ஒலிப்பதிவாளர். “ஒருத்தர் இல்லை, கோஷ்டியா.”

முதலில் பரிமாறிவிடலாமா என்றால், சாப்பிட்டவர்கள் நிற்க மாட்டார்கள். கண்ணாடிக்காரர் மேடையேறினார். வாழ்க்கையில் மைக்கைத் தொடாதவர். பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மெல்லிய குரலில், பாட்டு முடிந்ததும் சாப்பாடு என்றார். எல்லோரும் முகம் மலர்ந்தார்கள். ஆனால் நடுவில் சின்னச் சத்தம் கேட்டாலும் அந்தப் பாட்டை முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும், அந்த அளவுக்குச் சாப்பாடு தள்ளிப்போகும் என்றும் சொல்லி இறங்கினார்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நிலவிய ஒழுக்கம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருந்திருக்காது. தும்மல் வந்த ஒருவரை இரண்டு பேர் ஓசைப்படாமல் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். பிள்ளைகள் அப்பாக்களின் வாயைப் பொத்தினார்கள்.

சங்கு கம்பளித் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்கு வந்தான். நிறைந்திருந்த நாற்காலிகளைப் பார்த்து ஒரு கணம் அப்படியே நின்றான். முகத்தில் ஓர் ஒளி வந்தது. பியானோக்காரர் தொடங்க, அவனும் தொடங்கினான்.

முதல் பாட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. நடுவில் முடிந்துவிட்டது போல் நின்று, மூச்சுவிட்டு மறுபடி கிளம்புகிற பாட்டு அது. நின்றதும் முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. யார் முதலில் எழுந்தது என்று கண்ணாலேயே ஒரு விசாரணை நடந்து, பழி வங்கி மேலாளர் மேல் விழுந்தது.

இரண்டாம் தடவை யாரும் அசையவில்லை. பாட்டு நிஜமாகவே முடிந்தபோதும் அசையவில்லை. கைதட்டினால் அதுவும் சத்தம்தானே என்ற பயம். சங்கு தலைவணங்கி நின்றான். எதிரே முந்நூறு பேர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டுக்கும் அப்படியே, அடுத்ததற்கும் அப்படியே.

“எழவு வீட்டுல கூட இதைவிடச் சத்தம் இருக்கும்,” என்றார் ஒலிப்பதிவாளர். “ஆனா பதிவு சுத்தமா வருது.”

கண்ணாடிக்காரருக்குப் பதிவைப் பற்றி அக்கறை போய்விட்டது. அவர் சங்குவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் அந்த ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. காலி நாற்காலியாவது காலி என்று சமாதானம் செய்துகொள்ளலாம். ஆள் உட்கார்ந்திருந்தும் ஒரு கை எழாவிட்டால் பாடுகிறவன் என்ன செய்வான்? மேடையேறிக் கைதட்டலாம் என்று சொல்லிவிட நினைத்தார். அதற்குள் பதிவு விளக்கு சிவப்பாக எரிந்துவிட்டது. கடைசிப் பாட்டு.

அதே நேரம் பின்கதவு லேசாக அசைந்தது. சூப்பு ஆறுகிறதென்று கேன்டீன்காரர் உள்ளே வரப் பார்க்கிறார். கண்ணாடிக்காரர் பூனைபோல் பாய்ந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்து முதுகால் கதவை அழுத்திக்கொண்டார். அந்தப்பக்கமிருந்து அவர் தள்ள, இந்தப்பக்கமிருந்து இவர் தள்ள, மேடையில் சங்கு பாடினான்.

பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிற ஒருவன் பாடுகிற பாட்டு அது. உள்ளே விளக்கு எரிகிறது, அவனுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. திற என்று கேட்கிறான், பிறகு கெஞ்சுகிறான், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டுச் சும்மா நிற்கிறான். கூட்டத்தில் யாருக்கும் ஓர் இத்தாலிய வார்த்தை தெரியாது. ஆனால் திறக்காத கதவின் துயரம் அன்று அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. சாயந்திரத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பசிக்காக முன்னால் சாய்ந்தவர்கள் பிறகு எதற்கென்று தெரியாமலே சாய்ந்திருந்தார்கள். தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொத்திய வாய்களிலிருந்து கைகள் நழுவின, யாரும் பேசவில்லை.

கடைசிச் சுரத்துக்குச் சங்கு ஏறினான். குளியலறையில் எத்தனையோ காலை அது உடைந்துபோனதைக் கண்ணாடிக்காரர் கேட்டிருக்கிறார். இன்றைக்கு உடையவில்லை. ஏறி, நின்று, கூடம் முழுதும் நிறைந்து, மெல்ல இறங்கியது. கண்ணாடிக்காரர் அழுதுகொண்டிருந்தார். கைப்பிடியை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது.

கதவு திறந்தது. கேன்டீன்காரர் தடுமாறி உள்ளே வந்து, “சாப்பாடு ரெடி,” என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

“அந்தக் கதவைச் சாத்துங்க,” என்றார் தையல்காரர். “தம்பி, இன்னொண்ணு பாடுப்பா. சூப்பு ஆறினா ஆறட்டும்.”

பிறகு கைதட்டினார்கள். மாலை முழுதும் அடக்கி வைத்திருந்த எல்லாக் கைதட்டலும் மொத்தமாக வந்தது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தாமும் தட்டினார். இசைத்தட்டு நிச்சயம் வரும், இந்தக் கைதட்டலையும் சேர்த்தே போடுவோம் என்று பின்னால் கண்ணாடிக்காரரிடம் சொன்னார். சங்கு மேடையில் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான். பிறகு இன்னொன்று பாடினான். அதற்கப்புறம் இன்னும் ஒன்று.

சூப்பு நன்றாகவே ஆறியிருந்தது, உப்பும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வங்கி மேலாளர் மட்டும், தான் முன்பு சாப்பிட்ட டெனர் இதைவிடக் காரமாக இருக்கும் என்றார். சங்குவைச் சுற்றி ஒரு கூட்டம். அவன் அக்கா பக்கத்தில் நின்று, இவன் பிறந்தபோது எதிர்வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்தது. நல்லபடியாக முடிந்தால்தானே கோபப்பட நேரம் கிடைக்கும். சூப்புக் கிண்ணத்தோடு ஓரமாக நின்ற அச்சகத்து அம்மாவிடம் நேரே போனார். தாம் கவனிக்காமல் ‘சரி’ போட்டது தப்புதான், ஆனால் வருஷக்கணக்காக அச்சுக்கோக்கிறவருக்கு ஓர் எழுத்து இடித்திருக்க வேண்டாமா, ஒரு பையனுடைய வாழ்க்கை அல்லவா, காலையிலிருந்து அவனுக்குத் தெரியாமல் மறைக்கத் தாம் பட்ட பாடு தமக்குத்தான் தெரியும் என்று மூச்சுவிடாமல் பொரிந்தார்.

அந்த அம்மாள் ரொட்டியைச் சூப்பில் தோய்த்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

“நீங்க சரியாத்தான் சார் படிச்சீங்க, நானும் டெனர்னுதான் அடிச்சு வச்சிருந்தேன். உங்க மச்சினன்தான் ஓடி வந்து, ‘அக்கா, டெனர்னா ஒரு ஈ காக்கா வராது, டின்னர்னு மாத்திடுங்க, மத்ததை எங்க மாமா பாத்துப்பாரு’ன்னாரு.”